பழம் உலர்த்தக் கடிகாரம் போதாது, தராசு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் சமையல் பக்கங்களில் பழங்களை வீட்டிலேயே உலர்த்தும் குறிப்புகள் அடிக்கடி வருகின்றன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே வரிதான்: ‘60 டிகிரியில் 8 மணி நேரம் வைக்கவும்.’ டிகிரி சரி, மணி நேரம்தான் வம்பு. அதை நம்பிச் சரியாக எட்டாவது மணி நேரத்தில் பழம் உலர்த்தும் மெஷினை அணைத்து, துண்டுகளை ஜாடியில் போட்டு இறுக மூடுகிறவர்களில் பலர் சில வாரம் கழித்துத் திறக்கும்போது வெள்ளைப் பூசணத்தைத்தான் பார்க்கிறார்கள். தப்பு அவர்களுடையது அல்ல. இனி இப்படிப்பட்ட குறிப்பு வெளியிடும்போது மணிக்கணக்கை எடுத்துவிட்டு எடைக்கணக்கைப் போடுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

நேரம் ஏன் பொய்க்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஆப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு நீர். ஒரு கிலோ துண்டு உலர வேண்டும் என்றால் 800 கிராமுக்கு மேல் நீர் வெளியேற வேண்டும். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.67 யூனிட் மின்சாரம் தேவை. கம்பிச்சுருளைச் சூடாக்கி உலர்த்தும் எந்த மெஷினும் இதற்குக் கீழே போக முடியாது. 500 வாட் மெஷினில் எல்லாத் தட்டையும் நிரப்பி 4 கிலோ வைத்தால், வெப்பம் கொஞ்சமும் வீணாகாமல் போனாலே 4 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். உண்மையில் கணிசமான வெப்பம் காற்றோடு வெளியே போகிறது. அதே மெஷினில் ஒரே ஒரு தட்டு வைத்தால் கதையே வேறு. குறிப்பு எழுதியவர் எத்தனை தட்டு வைத்தார் என்பது நமக்குத் தெரியாது.

துண்டின் கனமும் சேர்ந்துகொள்ளும். மேற்பரப்பில் உள்ள நீர் சீக்கிரம் போய்விடும். நடுவில் இருப்பது ஊர்ந்து ஊர்ந்து வெளியே வர வேண்டும். ஆகவே 3 மில்லிமீட்டர் துண்டை 6 மில்லிமீட்டராக நறுக்கினால் நேரம் இரண்டு மடங்கோடு நிற்காது, அதற்கு மேலும் போகும். கையால் நறுக்கும்போது ஒரே பழத்தில் இரண்டு கனமும் விழுவது சகஜம்.

அடுத்தது அறைக்காற்றின் ஈரம். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 17 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். காற்றில் இருந்த நீர் எங்கும் போகவில்லை, காற்றின் தாகம்தான் கூடியிருக்கிறது. அந்தத் தாகம் பழத்தின் நீரைக் குடித்துத் தீர்ந்ததும் பழைய காற்று வெளியேறிப் புதுக்காற்று உள்ளே வர வேண்டும். சூட்டைவிடக் காற்றோட்டம் முக்கியம் என்பது இதனால்தான். கதவை மூடிய ஓவனில் பழம் உலர்வதைவிட வேகும். ஓவனில்தான் செய்தாக வேண்டும் என்றால், அது 60 டிகிரிவரை இறங்குகிறதா என்பதை முதலில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். பல ஓவன்கள் இறங்காது. இறங்கினால், கதவை 5 முதல் 15 சென்டிமீட்டர் திறந்து வைத்து, வெளியே பக்கவாட்டில் ஒரு ஃபேன் ஓடட்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த ஏற்பாடு வேண்டாம். மைக்ரோவேவ் கீரை, மூலிகை இலைகளுக்கு மட்டும் ஆகும், பழத்துக்கு ஆகாது.

எடைக்கணக்குக்கு வருகிறேன். பழத்தில் இருப்பது நீர், நீர் அல்லாத சத்து என இரண்டுதான். உலர்த்தும்போது சத்து அப்படியே தங்கிவிடும், நீர் மட்டும் குறையும். உலர்ந்த பழத்தில் 20 சதவீதம் நீர் இருக்கலாம் என்பது பொதுவான அளவு. ஆகவே சத்தின் எடையை 0.8 ஆல் வகுத்தால் நிறுத்த வேண்டிய எடை கிடைத்துவிடும். 500 கிராம் ஆப்பிள் துண்டில் சத்து 75 கிராம். அதை 0.8 ஆல் வகுத்தால் 94 கிராம். தட்டில் இருப்பது 94 கிராமுக்கு வந்ததும் வேலை முடியும் கட்டம் வந்துவிட்டது என்று பொருள்.

அந்தக் கடைசிக் கட்டத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 110 கிராமில் நிறுத்தினால் அதில் இன்னும் 32 சதவீதம் நீர் இருக்கிறது. கைக்குத் தோல் போல நன்றாகவே தெரியும், ஆனால் ஜாடியில் பூசணம் பிடிக்கும். 83 கிராம்வரை விட்டால் நீர் 10 சதவீதத்துக்குப் போய் துண்டு மொறுமொறுவென்று ஒடியும். கெட்டுப்போவதற்கும் ஒடிவதற்கும் நடுவே இருப்பது வெறும் 27 கிராம். 500 கிராமில் தொடங்கிய ஒரு தட்டின் தலைவிதி இந்த 27 கிராமில்தான் இருக்கிறது, அதைக் கண்ணாலோ கடிகாரத்தாலோ பிடிக்க முடியாது. ஒரு கிராம்வரை காட்டும் சமையலறைத் தராசு போதும்.

மற்றப் பழங்களுக்கும் இதே வழிதான். தோலும் கொட்டையும் நீக்கிய 500 கிராம் துண்டுக்கு, 20 சதவீத நீர் என்ற கணக்கில், வாழைப்பழம் 156 கிராம், மாம்பழம் 106, அன்னாசி 88, பப்பாளி 75, திராட்சை 119 என்று வரும். இவை சராசரி நீரளவை வைத்துப் போட்ட கணக்கு. நன்கு கனிந்து இனிப்பு ஏறிய பழத்தில் சத்து கூடுதலாக இருக்கும், அப்போது நிறுத்தும் எடையும் சில கிராம் ஏறும். எடை உங்களைக் கிட்டத்தில் கொண்டுபோய் விடும். கடைசி முடிவைக் கைதான் சொல்ல வேண்டும்.

எடை பார்ப்பதில் இரண்டு இடங்களில் தவறு நடக்கிறது. காலித்தட்டின் எடையை முதலிலேயே குறித்துவைக்க மறந்துவிடுவார்கள். பாதியில் நினைவு வந்தால் துண்டுகளையெல்லாம் எடுத்துத்தான் தட்டை நிறுக்க வேண்டும். எலுமிச்சைச் சாற்றிலோ வேறு கரைசலிலோ முக்கி எடுத்தபிறகு எடை போடுவது இன்னொரு தவறு. ஒட்டிக்கொண்ட நீரும் கணக்கில் சேர்ந்து சத்து அதிகம் என்று காட்டும், அதனால் சீக்கிரமே நிறுத்திவிடுவோம். முக்குவதற்கு முன்பே எடை போட்டுவிடுங்கள். எல்லாத் தட்டையும் நிறுக்க வேண்டியதில்லை, நடுத்தட்டு ஒன்றைக் கணக்குக்கு வைத்துக்கொண்டால் போதும்.

முக்குவது அவசியமா என்று கேட்டால், கட்டாயம் இல்லை. வெட்டுப்பட்ட ஆப்பிளும் வாழையும் பழுப்பாவது பழத்தில் உள்ள நொதி காற்றைச் சந்திப்பதால். பழுப்பானதைச் சாப்பிட்டால் கெடுதல் இல்லை. நிறம் வேண்டும் என்றால், வைட்டமின் சி தூள் ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 3 கிராம், அரை லிட்டர் நீரில் கரைத்து 3 முதல் 5 நிமிடம் போட்டு வடித்தால் போதும். இரண்டு முறை பயன்படுத்திய கரைசலில் மீண்டும் தூள் சேர்க்க வேண்டும். எலுமிச்சைச் சாறும் நீரும் சரிபாதி கலந்து 10 நிமிடம் வைப்பதும் உண்டு, ஆனால் புளிப்பு ஏறும். ஆப்ரிகாட் கடையில் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருப்பது கந்தக டை ஆக்ஸைடின் வேலை. வீட்டில் உலர்த்தினால் பழுப்பாகத்தான் வரும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குக் கந்தகம் ஒத்துக்கொள்ளாது, ஆகவே நிறத்துக்காக அந்த வழிக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

திராட்சை, புளூபெர்ரி போல மெழுகுத்தோல் உள்ளவற்றை அப்படியே வைத்தால் நாள்கணக்கில் உள்ளே சாறோடு உட்கார்ந்திருக்கும். கொதிநீரில் 30 விநாடி முதல் ஒரு நிமிடம்வரை முக்கி உடனே குளிர்ந்த நீரில் போட்டால் தோலில் மயிரிழை அளவில் வெடிப்பு விழும். நீர் வெளியேற அந்த வழி போதும். பிறகு துணியில் ஒற்றி ஈரம் போக்கிவிட்டுத் தட்டில் பரப்பலாம்.

பரப்பும்போது துண்டும் துண்டும் தொடக் கூடாது. தொட்ட இடம் மட்டும் கடைசிவரை ஈரமாக நிற்கும். பழத்தோடு வெங்காயத்தையோ பூண்டையோ ஒரே நேரத்தில் வைக்காதீர்கள், வாசனை பிடித்துக்கொண்டால் போகாது. பாதி உலர்ந்த தட்டுகளுக்கு நடுவே புதிதாக நறுக்கிய ஈரத் துண்டுகளை நுழைப்பதும் கூடாது. அதன் நீராவியை உலர்ந்தவை வாங்கிக்கொள்ளும். சட்டத்தில் வலை அடித்துச் சொந்தமாகத் தட்டு செய்கிறவர்கள் எவர்சில்வர் வலையோ உணவுக்கான பிளாஸ்டிக் வலையோ வாங்க வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பு வலையில் பழத்தின் புளிப்பு பட்டால் துத்தநாகம் பழத்தில் கலந்துவிடும்.

சீக்கிரம் முடியட்டும் என்று சூட்டை ஏற்றுவதுதான் எல்லோருக்கும் வரும் சபலம். 75, 80 டிகிரியில் வைத்தால் வெளிப்புறம் வெந்து இறுகி ஓடு போல ஆகிவிடும். உள்ளிருக்கும் நீருக்கு வெளியேற வழி இருக்காது. தொட்டால் சுக்காகக் காய்ந்தது போல இருக்கும், எடை மட்டும் இறங்காமல் நிற்கும். கடிகாரத்தை நம்பியவர் இங்கே ஏமாறுவார், தராசு வைத்திருப்பவர் தப்பித்துக்கொள்வார். பழத்துக்கு 60 டிகிரி, மூலிகை இலைகளுக்கு 35 முதல் 45 டிகிரி. இலையில் வாசனை தருவது ஆவியாகும் எண்ணெய் என்பதால் அதற்கு மேல் ஏற்றினால் மணமெல்லாம் வீட்டுக்குள் பரவும், இலையில் இருக்காது.

குறித்த எடை வந்ததும் கைப்பதம். நான்கைந்து துண்டுகளை வெளியே எடுத்து முதலில் ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது எந்தப் பழமும் மெத்தென்றுதான் இருக்கும். ஆறிய துண்டைப் பாதியாக வெட்டினால் வெட்டுவாயில் ஈரப் பளபளப்பு தெரியக் கூடாது, அழுத்தினால் கசியக் கூடாது. மடித்தால் துண்டு தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளக் கூடாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. சோறு ஒரே பானையில் ஒரே நீரில் வெந்தது. இங்கே தட்டின் ஓரத்தில் இருக்கும் துண்டுக்கு ஒரு காற்று, நடுவில் இருப்பதற்கு வேறு காற்று. நடுவிலும் ஓரத்திலும் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் இருந்து எடுத்துப் பாருங்கள். முந்தி உலர்ந்ததை முந்தி எடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டுகளை இடம் மாற்றினால் இந்த வித்தியாசம் குறையும்.

அடுத்துச் சொல்லப்போவது குறிப்புகளில் அனேகமாக வருவதே இல்லை. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரு தட்டில் சில துண்டுகள் 16 சதவீதத்திலும் சில 25 சதவீதத்திலும் இருக்கும். இவற்றை உடனே சின்னச் சின்னப் பைகளில் போட்டு அடைத்தால், 25 சதவீதத் துண்டுகள் விழுந்த பை கெடும். ஆகவே நன்றாக ஆறிய பழத்தை முதலில் பெரிய கண்ணாடி ஜாடியில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் தளர்வாக நிரப்பி மூடி, 7 முதல் 10 நாள் வெளியே வைக்க வேண்டும். தினம் ஒருமுறை குலுக்க வேண்டும். அதிகம் உலர்ந்த துண்டு, குறைவாக உலர்ந்ததிடமிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டு எல்லாம் ஒரே பதத்துக்கு வரும். ஜாடியின் உள்சுவரில் ஒரு துளி நீர் முத்து தெரிந்தாலும் அத்தனையையும் மறுபடி மெஷினில் ஏற்றிவிட வேண்டும். அது எச்சரிக்கை மணி. பூசணம் தெரிந்துவிட்டால் எச்சரிக்கை கட்டம் கடந்துவிட்டது என்று பொருள். அந்தத் துண்டை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், ஜாடியோடு போகட்டும். குலுக்காமல் சும்மா வைத்தால் அடியில் உள்ளவை கட்டியாக ஒட்டிக்கொள்ளும், ஈரம் பரவவும் செய்யாது.

வெயிலில் உலர்த்துகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. பகலில் வெப்பம் குறைந்தது 30 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழ் என்ற இரண்டும் சேர்ந்து பல நாள் அமைந்தால்தான் வெயில் வேலை செய்யும். தட்டைத் தரையில் வைக்காமல் செங்கல்மேல் தூக்கி வைத்தால் அடியிலும் காற்று போகும். மேலே இன்னொரு வலை, ஈக்கும் பறவைக்கும். இரவில் உள்ளே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பகலில் போன நீரில் ஒரு பங்கைப் பனி திருப்பிக் கொடுத்துவிடும். என்னதான் வலை போட்டாலும் பூச்சி முட்டை வைத்திருக்கலாம். ஆகவே உலர்ந்த பழத்தைப் பையில் அடைத்து மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 48 மணி நேரம் வைக்க வேண்டும், அல்லது 71 டிகிரி ஓவனில் ஒற்றை அடுக்காகப் பரப்பி 30 நிமிடம் வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் உள்ள சின்னப் பனிப்பெட்டி அந்தக் குளிருக்குப் போகாது. ஓவன் வழியில் வைட்டமின்கள் கொஞ்சம் கூடுதலாகப் போகும், எனக்கு ஃப்ரீசர் வழிதான் உசத்தி.

காய்கறியை வெயிலில் வைக்காமல் இருப்பதே நல்லது. பழத்தில் சர்க்கரையும் புளிப்பும் இருக்கின்றன, அவை கிருமியைத் தடுக்கும். பீன்ஸ், கேரட், பட்டாணி ஆகியவற்றில் அந்தக் காவல் இல்லை. ஆகவே 20 சதவீதம் போதாது, 10 சதவீதத்துக்கு இறங்கி ஒடிக்கும்போது சடக்கென்று முறிய வேண்டும். கணக்கில் 0.8 க்குப் பதில் 0.9 போடுங்கள். 500 கிராம் கேரட் 67 கிராமுக்கும், 500 கிராம் தக்காளி 33 கிராமுக்கும் வரும். தக்காளி இவ்வளவு வற்றுவதைப் பார்த்து மெஷினில் கோளாறு என்று நினைக்காதீர்கள், அதில் 94 சதவீதம் நீர்தான். கேரட், பீன்ஸ் ஆகியவற்றை உலர்த்துவதற்கு முன் சில நிமிடம் ஆவியில் வைத்து எடுக்க வேண்டும். நொதி அடங்காமல் உலர்ந்த காய் மாதக்கணக்கில் நிறமும் மணமும் மாறிக்கொண்டே இருக்கும், சமைக்கும்போது சீக்கிரம் ஊறவும் ஊறாது. வெங்காயம், குடைமிளகாய், காளான் ஆகியவற்றுக்கு இது தேவையில்லை.

உலர்ந்த தக்காளியை எண்ணெயில் போட்டு வைப்பது இப்போது பலர் செய்கிறார்கள். அதோடு பச்சைப் பூண்டையோ பச்சை இலைகளையோ சேர்த்து அலமாரியில் வைத்தால் ஆபத்து. எண்ணெய்க்குள் காற்று இல்லை, பூண்டில் ஈரம் இருக்கிறது, புளிப்பு இல்லை. பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு இதைவிட வசதியான இடம் வேறு இல்லை. அதற்குக் கெட்ட வாடை காட்டிக்கொடுக்கும் என்று நம்பவும் முடியாது. சாப்பிடும் அன்றைக்குக் கலந்து, மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாளில் முடித்துவிடுங்கள்.

இறைச்சியைப் பழத்தைப் போல நினைத்து மெஷினில் நேரே வைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஈர இறைச்சியில் கிருமி சூட்டுக்குச் சாகும். மெல்ல உலர்ந்துகொண்டே சூடேறினால் அதே கிருமி சூட்டைத் தாங்கப் பழகிவிடுகிறது. அதனால் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி என்றால் உள்ளே 71 டிகிரி, கோழி என்றால் 74 டிகிரி வரும்வரை முதலில் வேகவைத்துவிட்டு, அதன்பிறகே 55 டிகிரிக்குக் குறையாமல் உலர்த்த வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. துண்டில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் இந்த வேலையில் இறங்காமல் இருப்பது மேல்.

பழத்தைக் கூழாக அரைத்துத் தாளாக உலர்த்துகிறவர்கள் 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, ஓரத்தை மட்டும் சற்றுக் கூட்டுங்கள். ஓரம்தான் முதலில் காய்ந்து வெடிக்கும். நடுவில் விரல் வைத்தால் பள்ளம் விழாதபோது எடுத்து, இளஞ்சூட்டிலேயே சுருட்டிவிட வேண்டும், ஆறினால் தட்டைவிட்டு வராது. ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால் அதில் தேன் சேர்க்கக் கூடாது.

பத்திரப்படுத்துவதில் சூடுதான் எதிரி. 15 டிகிரியில் ஒரு வருடம் நிற்கும் உலர்பழம் 27 டிகிரியில் 6 மாதம்தான் நிற்கும். காய்கறிக்கு அதில் பாதி. அடுப்புக்கு மேலே உள்ள அலமாரிதான் கைக்கு எட்டும், ஆனால் அதைவிட மோசமான இடம் சமையலறையில் கிடையாது. பெரிய ஜாடியைத் தினம் திறந்து மூடினால் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று உள்ளே போய்ப் பழம் நமுத்துவிடும். ஒரு வாரத்துக்கு ஆகும் அளவாகச் சிறு பாட்டில்களில் பிரித்து, மூடியின்மேல் பெயர், தேதியோடு எடுத்த எடையையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை அதே பழத்தை உலர்த்தும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று தேடவேண்டி இருக்காது.

இன்னும் ஒன்று, சாப்பிடும் அளவு. 100 கிராம் உலர்ந்த ஆப்பிள் என்பது அரைக் கிலோவுக்கு மேற்பட்ட ஆப்பிள் துண்டு. சர்க்கரை முழுவதும் அப்படியே இருக்கிறது, வைட்டமின் சி பெரும்பகுதி இல்லை. நீரிழிவு உள்ளவர்கள் கையில் அள்ளுவதற்கு முன் இதற்கும் அந்தத் தராசையே எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்